பதிலுக்கு இடம் விட்டவன்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். 1987இல் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறிய பஸ்ஸில், ரிப்பேரான டேப்ரிக்கார்டரை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "மஸ்கட்டுல இருந்து ஊட்டுக்காரரு வந்துட்டாருங்க. வந்ததுல இருந்து அவரில்லாம நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க."

மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்குப் பூவாயி என்று பெயர் வைத்தேன். அவனுக்கு மாதையன்.

2

காப்பிப் பூவின் மணத்தில் மலையே மிதந்துகொண்டிருந்த ஒரு

(அடித்துவிட்டேன். இது மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவன் எழுதும் வரி. எஸ்டேட்டில் பழம் பறிப்பவளுக்குக் கழுத்தெல்லாம் எறும்புக்கடி.)

மறுபடியும். பூவாயிக்குப் படிக்கத் தெரியாது. புருஷன் கடிதத்தில் கொஞ்சுவதை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் படித்துச் சொல்லிக் கேட்க முடியுமா? அதனால் மாதையன் கேசட்டில் பேசி அனுப்பினான். ஒன்று கேட்பான்; அவள் பதில் சொல்ல இடம் விடுவான்.

"சாப்புட்டியா புள்ள?"

"ஆச்சுங்க. களியும் கீரையும்."

"ம்... வேறென்ன சேதி?"

இங்கே நிறைய இடம் விட்டிருந்தான். அவன் புறப்பட்டபோது வயிற்றில் இருந்தது அவளுக்கே தெரியாது. மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. ரைட்டரிடம் சொல்லி எழுதக்கூடிய சேதியா அது? ஓடிக்கொண்டிருந்த கேசட்டிடம் சொன்னாள்.

"தங்கலீங்க. போயிருச்சுங்க."

"ம்... ஒடம்பப் பாத்துக்க கண்ணு."

ஓவென்று அழுதாள். மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளைப் பொறுத்தவரை புருஷனிடம் சொல்லியாயிற்று.

3

[இங்கே உணர்வு, மாயை என்று ஒரு பக்கம் அளந்திருந்தேன். கேட்கத் தெரியாத பெட்டி கேட்கிறது, காதிருக்கிற மனுஷன் கேட்பதில்லை, இதில் எது பொய் என்று. கிழித்துவிட்டேன். கேசட் ஓடிய மூன்று வருஷமும் பூவாயி நிறைவாகத்தான் இருந்தாள். அதை அறியாமை என்று சொல்ல நான் யார்?]

4

மாதையன் வந்துவிட்டான். "சாப்புட்டியா?" என்பான்; அவள் வாய் திறப்பதற்குள் "மஸ்கட்டுல பாரு..." என்று ஆரம்பித்துவிடுவான். (அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்லவன்தான், பேச்சுதான் ஓயாது.) எதிரிலேயே உட்கார்ந்திருப்பவனுக்காக அவள் ஏங்கிப்போனாள்.

நாளை அவனுக்குத் திரும்ப விமானம். பெட்டி கட்டிக்கொண்டே சொன்னான்: "நமக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா இப்ப ஓடியாடிட்டு இருக்கும்."

"அதான் அப்பவே சொன்னேனுங்களே."

"என்ன சொன்னே?"

5

முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள், இருவரும் அழுகிறார்கள். முடிவு இரண்டு: "ஒண்ணுமில்லீங்க" என்று சட்டையை மடிக்கிறாள். இரண்டையும் எழுதினேன், இரண்டையும்

வேண்டாம். மாதையன் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறான். வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் நிற்பான் என்று பூவாயிக்குத் தெரியாது. கேசட்டில் என்றால் தெரியும். நடுவில் நான் புகுந்தால் அவள் சொல்லவே மாட்டாள்.

நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.