மெதப்பு

கடைப் பலகையில் 'பழ ஐஸ்கிரீம் ஃப்ளோட்' என்றுதான் எழுதியிருந்தது. அந்தத் தெருவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "அண்ணே, ஒரு மெதப்பு" என்பார்கள். பேர் வைத்தது கடைக்காரரேதான். சோடாவில் ஐஸ்கிரீம் மிதக்கிறது, அதனால் மெதப்பு என்று விளக்கமும் சொல்வார். அவர் எந்த மெதப்பில் திரிந்தார் என்பது தெருவுக்கே தெரியும். பேர் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அவருக்கு சோடா அண்ணன் என்று பட்டப்பெயர். அந்த முறையில் அவர் மனைவி சோடா அக்கா. பாவம், அவள் சோடாவைத் தொட்டதே கிடையாது. மாம்பழத் தோல் சீவுவது, அன்னாசியில் கண் எடுப்பது, திராட்சையைச் சர்க்கரை போட்டுக் கூழாகக் காய்ச்சி ஆறவைப்பது, எச்சில் டம்ளர் கழுவுவது, வருகிறவர்களிடம் சிரிப்பது எல்லாம் அவள் பாடு. கலக்குவது மட்டும் அவர் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அடியில் பழக்கூழ். பிறகு டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, சோடாவை ஓரமாகச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். கடைசியில்தான் ஐஸ்கிரீம் உருண்டை. வரிசை மாறி ஐஸ்கிரீமின் தலையில் சோடாவை ஊற்றினால் போச்சு. நுரை பொங்கி வழிந்து மேசையெல்லாம் பிசுபிசுத்துவிடும்.

ஒருமுறை, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு கிடப்பதுகூடத் தெரியாத அளவுக்குக் குடித்துவிட்டு வந்தவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெரிய கூட்டத்துக்கே மெதப்பு போட்டுக் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "தலைதான் ஆடும், கை ஆடாது" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவள் எச்சில் டம்ளர்களைச் சத்தம் வரக் கழுவினாள். மனுஷனுக்குப் பெருமைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லையா?

போன கோடையில் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று வாசலில் நின்றாள்.

"மெதப்பு டம்ளரோட நிக்கட்டும். இன்னொரு தடவை உங்க தலைக்கு ஏறுச்சுன்னா, அன்னைக்கே நான் கிளம்பிடுவேன்."

அன்றோடு விட்டார். வெளியே போய்விட்டு வந்தால், அவள் கேட்காமலேயே எதிரில் குனிந்து, வாயைக் குவித்து, முகத்தில் ஊதிக் காட்டுவார். முதலில் அவள் நிஜமாகவே முகர்ந்து பார்த்தாள். போகப் போக அது விளையாட்டாகிவிட்டது. "போதும், முடியெல்லாம் பறக்குது" என்று தள்ளிவிடுவாள். ஆனால் தள்ளிவிடும்போதும் மூக்கு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பயம் அவ்வளவு லேசில் விட்டுப் போகிறதா?

இந்தக் கோடையில் வெயில் மனிதர்களை வாட்டி எடுத்தது. அன்று பார்த்து ஐஸ்கிரீம் வண்டி வரவில்லை. குளிர்பெட்டி காலி, வாசலில் ஆட்கள். சோடா அண்ணன் ஐஸ்கட்டி போட்ட பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த கிடங்குக்குப் புறப்பட்டார்.

"தொப்பியாவது போட்டுட்டுப் போங்க."

"தொப்பி போட்டா என் அழகு என்ன ஆகுறது?" என்று சிரித்துக்கொண்டே மிதித்தார்.

போனவர் போனவர்தான். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியும் ஆளைக் காணோம். கிடங்கில் அவ்வளவு கூட்டமா, இல்லை வழியில் யாராவது பழைய கூட்டாளி மாட்டினானா? அந்த நினைப்பு வந்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்துக் கடைத் தையல்காரி, வழக்கம்போல இரண்டு மெதப்பு சொல்லிவிட்டுக் காத்து நின்றாள். அப்போது போன் அடித்தது.

"ஏம்மா..." அவர் குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "தலை ஒரு மாதிரி... மெதப்பா இருக்கு. நான் மெதுவா..."

மெதப்பா இருக்கு. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு அவளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. பேச்சை முடிக்க விடாமல் போனை வைத்தாள். சீவிக்கொண்டிருந்த அன்னாசியைப் பாதியில் விட்டுவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் தையல்காரி.

"ஒண்ணுமில்ல. ஐயா மெதக்குறாராம்."

அவர் வந்து சேர்ந்தபோது சைக்கிளைச் சுவரில் சாய்க்கத் தெரியாமல் கீழே போட்டார். பெட்டியை அணைத்துக்கொண்டு, படியில் தடுக்கி, எப்படியோ உள்ளே வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு வேர்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாவகாசமாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் ஊதவில்லை. அவள் நிற்பதே தெரியாதவர்போல அவளைக் கடந்து போனார். அதற்கு மேல் அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

"நில்லு!" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை. "வெட்கமா இல்ல உனக்கு? என் வீட்டுக்காரர் திருந்திட்டாருன்னு ஊரெல்லாம் வாய் வலிக்கச் சொன்னேனே, என் மூஞ்சியில கரியைப் பூசிட்டியே! இந்தக் கடையை நீயே கட்டிக்கிட்டு அழு. நான் போறேன்."

வாசலில் நின்றவர்கள் அவரவர் செல்போனை அவசரமாகப் பார்த்தார்கள். "அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று தையல்காரி அவள் கையைப் பிடித்தாள். அவர் தையல்காரியைப் பார்த்து, "ரெண்டா?" என்று குழறினார். பெட்டியை மேசைமேல் வைத்தார். டம்ளரை எடுத்தார். ஐஸ்கிரீமை அள்ளி அதில் போட்டார். அதன் தலையில் சோடாவைக் கவிழ்த்தார்.

நுரை பொங்கியது. டம்ளரைத் தாண்டி, அவர் கையில் வழிந்து, மேசை விளிம்பிலிருந்து தரையில் சொட்டியது. அவர் நிறுத்தவில்லை. வேறு யாரோ ஊற்றுவதை வேடிக்கை பார்ப்பவர்போல, பார்த்துக்கொண்டே ஊற்றினார். டம்ளரில் பழமே இல்லை.

குடித்த கை இப்படிச் செய்யாது. எவ்வளவு குடித்தாலும் இந்தக் கை இப்படிச் செய்ததில்லை. அவள் பாய்ந்து போய் நெற்றியைத் தொட்டாள். அடுப்பில் காய்ந்த சட்டியைத் தொட்டதுபோலச் சுட்டது.

"ஐயோ, இது தண்ணி இல்ல! வெயில் அடிச்சிருக்கு! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்!"

அவர் முழங்கால் மடங்கியது. விழாமல் தாங்கி, அந்தப் பிசுபிசுப்பிலேயே படுக்க வைத்தாள். பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாள். ஐஸ்கட்டிகளை வாரி அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்து அழுத்தினாள். தையல்காரி ஓடிப்போய் வெட்டாத துணியை எடுத்துவந்து, நனைத்து மார்பில் போட்டு விசிறினாள். அவர் அவ்வளவு தூரம் சுமந்து வந்த ஐஸ்கிரீம் தரையில் உருகி ஓடியது. "என்னங்க, என்னங்க" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் முன்னால் 'நீ' என்று சொன்ன வாய் அதுதான். அதை அறுத்துப் போடலாம்போல இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்டதே அதைத்தான்.

"குடிப்பாரா?"

"இல்ல."

"மறைக்காதீங்கம்மா. சிகிச்சைக்கு வேணும்."

"முன்னாடி குடிச்சாரு. போன கோடையோட விட்டுட்டாரு. தொடுறதே இல்ல." ஊரெல்லாம் சொன்ன அதே வார்த்தைதான். சந்தேகமில்லாமல் சொன்னது இப்போதுதான்.

"இப்படி ஆகுறதுக்கு முன்னாடி, தலை சுத்துது, மயக்கமா வருதுன்னு ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்" என்றாள். நர்ஸுக்கு அது புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கும் தெம்பில்லை.

டாக்டர் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. சூடு தலைக்கு ஏறியிருக்கிறது, கண் விழித்து ஆளை அடையாளம் தெரிந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சோடாவும் பாலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுபடியும் முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்திக்கு மேல் அவர் இமை அசைந்தது. கண் திறந்து, சுவரில் அலைந்து, கடைசியில் அவள் முகத்துக்கு வந்து நின்றது.

"என்னங்க... என்னைத் தெரியுதா?"

அவருடைய வெடித்துப் போன உதடுகள் மெல்லக் குவிந்தன. தண்ணீர் கேட்கிறாரோ என்று அவள் அவசரமாகக் குனிந்தாள்.

அவர் அவள் முகத்தில் ஊதினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல், அவர் சிரமப்பட்டு மூச்சை இழுத்து, இன்னொரு முறை ஊதினார்.