லிஃப்ட் ஆய்வாளனுக்கு ஏன் பிள்ளை இல்லை

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என் மகள்தான் எழுத வைத்தாள். என் நாவலைப் படித்து முடித்ததும் ஃபோன் செய்தாள். "ஒரு குழந்தைய இந்த உலகத்துக்குக் கொண்டுவர்றத விடப் பெரிய கொடுமை இல்லன்னு எழுதியிருக்கீங்களே. அது அவன் சொல்றதாப்பா, நீங்க சொல்றதா?"

அவன் என்பது நாவலின் கதைசொல்லி. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருபவன். எதுவுமே உருப்படாது என்பது அவன் கட்சி. கேட்டவள் மாசமாக இருக்கிறாள்.

கதைசொல்லி வேறு, எழுத்தாளன் வேறு என்றேன். கூட்டங்களில் இதற்குக் கைதட்டுவார்கள். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

2

(இப்படித் தொடங்கலாமா? 'ஆய்வாளன் முழுக்கக் கற்பனை. எனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உற...' வேண்டாம். முதல் வரியிலேயே பொய் பல்லிளிக்கிறது.)

அவன் லிஃப்டில் ஏறுவதில்லை. நானும்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அந்த இடத்தைப் படித்த என் மனைவி, உங்கள் சட்டையையும் அவனுக்கு மாட்டிவிட்டிருக்கலாமே என்றாள். சிரித்து வைத்தேன்.

ஒரு விமர்சகர் அவனைத் தத்துவவாதி என்று எழுதினார். தத்துவமாவது, மண்ணாவது. வெறும் பயம். நல்ல தமிழில் எழுதினால் அப்படித் தெரிகிறது.*

* விமர்சகர் மன்னிக்க வேண்டும். நானும் சில நாள் அதை நம்பினேன்.

3

முதல் வரைவில் அவனுக்கு ஒரு மகள் இருந்தாள்.

அவள் வந்ததும் ஆள் மாறிவிட்டான். லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். எதுவும் உருப்படாது என்று சொல்ல வாயெடுத்தவன், பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரமாயிற்றே என்று பாதி வாக்கியத்தில் எழுந்து போனான். நாவல் நொண்டியது. மகளை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கொடுமை வரியை எழுத முடிந்தது.

இதை என் மகளிடம் எப்படிச் சொல்வேன்? நீ இருந்தால் எனக்கு அந்த வரி வராது என்று சொல்லத்தான் ஆசை. நீ இல்லாத உலகத்தைத்தான் எழுதினேன் என்று இவள் எடுத்துக்கொண்டால்?

4

முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்கிறேன், அவள் கண் கலங்க, நான் அவள் தலையை... (சகிக்கவில்லை.)

முடிவு இரண்டு: அடுத்த பதிப்பில் அந்த வரியை நீக்குகிறேன். (பயம் புத்தகத்தில் மட்டுமா இருக்கிறது?)

நடப்பதையே சொல்லிவிடுகிறேன். இன்று அவளுக்கு ஸ்கேன். மருமகன் வெளியூரில் இருப்பதால் துணைக்கு நான். ஸ்கேன் அறை ஆறாவது மாடியில். படியேறக் கூடாது, அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள். என் கண் தானாகச் சுவரில் சான்றிதழைத் தேடியது. தேதி முடிந்திருந்தது.

அவளை வெளியே இழுத்துவிடலாமா என்றிருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். ஒரு கை வயிற்றில், மறுகை கதவு மூடாமலிருக்கப் பொத்தானில்.

"நானும் பாத்தேன்பா. நீங்க கூட வந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

வாசகரே, இந்த இடத்தை எப்படி எழுதினாலும் ஆய்வாளன் என் காலைப் பிடித்துக்கொள்கிறான். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் அதிகம் நிற்கக் கூடாது.