சம்பந்தி தலையில் ஒரு கப்பல்

சிசிலித் தீவுக்குப் படை அனுப்பலாமா என்று மக்கள் சபையில் கேட்டபோது மெனெக்லிஸ் கை தூக்கினார். அன்றைக்குத் தூக்காதவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. சிசிலியின் கோதுமை, சிசிலியின் வெள்ளி, சிசிலியின் குதிரை என்று ஏதென்ஸ் நகரம் முழுக்க நாக்கில் எச்சில் ஊறிக் கிடந்தது. போன படை திரும்பவில்லை. அதற்கப்புறம் விசாரித்தால், கை தூக்கிய ஆள் ஊரில் ஒருவர்கூட அகப்படவில்லை. பேச்சாளிகள் பேசிக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிதிருத்தும் கடையில் எல்லோரும் ஏகமனதாகச் சொன்னார்கள். மெனெக்லிஸும் சொன்னார்.

சிசிலியில் கைசுட்ட கையோடு இங்கேயும் சுட்டது. ஸ்பார்ட்டாக்காரர்கள் வடக்கே டெகெலியா மலையில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மெனெக்லிஸின் நிலம் அந்தக் கோட்டையின் காலடியில் இருந்தது. ஒலிவ மரங்களை வெட்டி அவர்கள் குளிர் காய்ந்தார்கள். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் புகை தெரியும். மெனெக்லிஸ் மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார். அவரிடம் மிஞ்சியது நகரத்து வீடு, துறைமுகத்தில் ஒரு கத்திப் பட்டறை, மகள் மெலித்தாவின் கல்யாணத்துக்கென்று தொடாமல் வைத்திருந்த வெள்ளி.

அந்த வெள்ளியில் அவர் கை வைக்க மாட்டார். சீர் இல்லாத பெண்ணை இந்த ஊரில் யார் கட்டிக்கொள்வார்கள்? அதிலும் சிசிலிக்குப் போன பையன்கள் திரும்பாத ஊரில், மாப்பிள்ளை கிடைப்பதே பெரும்பாடு. பாம்பிலோஸ் தன் மகன் ஹெகியாஸுக்கு மெலித்தாவைக் கேட்டு வந்தபோது மெனெக்லிஸின் மனைவி லிசில்லா அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள். பாம்பிலோஸ் சாதாரண ஆளா? மெனெக்லிஸ் உட்பட மற்ற பணக்காரர்கள் எல்லாம், வரிக்காரன் கண்ணில் படக்கூடாது என்று, கிழிந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். பாம்பிலோஸ் ஊதாக் கரை போட்ட போர்வையில் குதிரை மேல் போனார். எதிரி நாட்டு ஏரியிலிருந்து திருட்டுத்தனமாக வரும் விலாங்கு மீனை விருந்துக்கு வாங்கினார்.

மெலித்தா கல்யாணத்துக்குத் தயாராகத்தான் இருந்தாள். பொம்மைகள், கிலுகிலுப்பை, பந்து எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுக் கதவோரம் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவற்றை ஆர்ட்டெமிஸ் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தளபதிகள், அந்த வருடம் சொந்தச் செலவில் கப்பல் நடத்த வேண்டிய பணக்காரர்களின் பெயர்களைப் படித்தார்கள். ஒரு போர்க்கப்பல் மெனெக்லிஸ் தலையில் விழுந்தது.

கப்பலின் வெறும் கட்டையை நகரம் கொடுத்துவிடும். கயிறு, பாய், துடுப்பு, ஓட்டையடைப்பு எல்லாம் பெயர் வந்தவர் பாடு. துடுப்பு வலிப்பவர்களுக்கு நகரம் கூலி தரும் என்று பேச்சு. அது வந்து சேர்வதற்குள் அவர்கள் அதிகக் கூலி கொடுக்கும் எதிரியிடம் போய்விடுவார்கள். ஆகவே கூலியும் அவர் பாடுதான். கல்யாண வெள்ளி மொத்தமும் அந்த மரக்கட்டைக்குள் போய்விடும் என்பது மெனெக்லிஸுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. 

அவர் நேரே பாம்பிலோஸிடம் போனார்.

"சம்பந்தி, சீர்ல பாதிய இப்ப தர்றேன். மீதிய நிலம் திரும்ப வந்ததும் தர்றேன். கப்பல் வந்து உக்காந்துருச்சு, என்ன பண்றது?"

பாம்பிலோஸ் அத்திப்பழத்தின் தோலை மெதுவாக உரித்தார். "எனக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. வீட்ல பொம்பளைங்க இருக்காங்க பாருங்க, அவங்க பேசுவாங்க. முழுசா இல்லாம பொண்ணு வந்துச்சுன்னா அதுக்குத்தான் மரியாதை இருக்காது."

வீடு திரும்புகிற வழியெல்லாம் மெனெக்லிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விலாங்கு தின்கிற வாய்க்குப் பாதிச் சீர் போதவில்லையா? அவருக்கு அந்தச் சட்டம் ஞாபகம் வந்தது. கப்பல் விழுந்தவன், தன்னைவிடப் பணக்காரன் ஒருவன் தப்பித்துத் திரிகிறான் என்று நினைத்தால், தளபதிகள் முன்னால் அவனைக் கை காட்டலாம். கை காட்டப்பட்டவன் கப்பலை ஏற்க வேண்டும். ஏற்க மாட்டேன், நான் அவரைவிட ஏழை என்று சொன்னால், இருவரும் சொத்தை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். கப்பல் விழுந்தவன் அவன் சொத்தை வாங்கிக்கொண்டு கப்பலை ஓட்டுவான். வீடு, பட்டறை, அடிமை, கடன் எல்லாம் கைமாறும். எந்தப் பணக்காரன் அதற்கு ஒப்புவான்? முணுமுணுத்துக்கொண்டே கப்பலை ஏற்றுக்கொள்வான். இதுவரை ஊர் கண்டது அதுதான்.

லிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு குடுக்கப்போற வீட்ட இப்பிடி நடுச்சந்தைல இழுத்து விடுவீங்களா? நாளைக்கு அந்த வீட்டு வாசப்படிய அவ எப்பிடி மிதிப்பா?"

"முழுச் சீரோட மிதிப்பா. கப்பல அவன் எடுத்துக்கிட்டா நம்ம வெள்ளி நம்ம கையில இருக்கும். அவன் கேட்டதத்தானே குடுக்கப்போறேன்? அவனுக்கு ஒரு கப்பல்லாம் கால் தூசி மாதிரி."

"அந்தத் தூசி கண்ணுல விழுந்தா மனுசன் கத்தத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டு அவள் தறிக்குப் போய்விட்டாள்.

வழக்கு நாளன்று தளபதிகளின் கூடத்தில் நல்ல கூட்டம். சம்பந்திகள் சண்டை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? முடிதிருத்துபவன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். மெனெக்லிஸ் விரலை நீட்டி, பாம்பிலோஸ் என்னைவிடப் பணக்காரர், கப்பல் அவருக்கே உரியது, இல்லையென்றால் சொத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று முறைப்படி சொன்னார். சொல்லும்போது குரல் கணீரென்று இருந்தது. அதைத் தானே ரசித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

பாம்பிலோஸ் எழுந்து போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கென்ன சம்பந்தி, மாத்திக்கலாமே."

 முடிதிருத்துபவன், "ஆகா, மனுசன்னா இவர்தான்யா! சொத்தையே தூக்கிக் குடுக்கறாரு" என்றான். கூட்டம் கை தட்டியது.

மெனெக்லிஸ் தட்டவில்லை.  இருப்பவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். கந்தல் போர்வைக்காரன் சொத்துக்காக ஊதாப் போர்வைக்காரன் தன் சொத்தை விடுகிறான் என்றால், அந்தப் போர்வைக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மாற்றிக்கொள்வதற்கு முன் ஒருவர் வீட்டை மற்றவர் போய்ப் பார்க்கலாம். அது வழக்கம். மெனெக்லிஸ் சாட்சிகளைப் பின்வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். அந்த அளவுக்கு அவருக்கு இன்னும் சம்பந்தி மரியாதை இருந்தது. பாம்பிலோஸ் விருந்தாளிக்குக் காட்டுவதுபோல விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். களஞ்சிய அறையில் ஆளுயர மது ஜாடிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மெழுகு முத்திரை.

"தட்டிப் பாருங்க."

மெனெக்லிஸ் தட்டினார். கோயில் மணிபோலக் கணகணவென்றது.

"பக்கத்துல இருக்கறது?"

"அது இதோட தங்கச்சி."

"குதிரை?"

"வாடகை."

"போன மாசம் விருந்துல போட்ட விலாங்கு?"

"மீன்காரன் இன்னும் தெருமுனையிலதான் நிக்கறான். அதனாலதான் உங்கள பின்வாசல் வழியா வரச்சொன்னேன்." பாம்பிலோஸ் ஒரு ஜாடியில் சாய்ந்தார். ஜாடி ஆடியது, நிமிர்ந்துகொண்டார். "வெள்ளிச் சுரங்கத்துல இருந்த என் அடிமைங்க அத்தன பேரும் ஒரே ராத்திரில டெகெலியாவுக்கு ஓடிட்டாங்க சம்பந்தி. இத்தன வருசம் சோறு போட்டேன்."

"சங்கிலியும் போட்டிருந்தீங்க."

"போட்டேன். போடலேன்னா முன்னாடியே ஓடிருப்பாங்க."

"அப்பறம் ஏன்யா இந்த ஆடம்பரம்? எல்லாரையும் மாதிரி ஒரு கந்தலச் சுத்திக்கிட்டுப் போகவேண்டியதுதானே?"

"கந்தல் போட்டவனுக்கு எவன் கடன் குடுப்பான்? உங்களுக்குச் சொத்து இருந்துச்சு, அத மறைக்கக் கந்தல் போட்டீங்க. எனக்கு இல்ல, அத மறைக்க நான் ஊதா போட்டேன்." விளக்கைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகம் கிழடு தட்டித் தெரிந்தது. "உங்க பொண்ணு சீர நம்பித்தான் சம்பந்தி இருந்தேன். அது வந்தா கடன்காரன் வாய அடைக்கலாம்னு. பையன் நல்ல பையன். அதுல பொய் இல்ல."

மெனெக்லிஸுக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடிக்கலாம்போல இருந்தது. சேர்ந்து உட்கார்ந்து அழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மாற்றிக்கொண்டால் காலி ஜாடியும் கடனும் கப்பலும் வரும். மாற்றாவிட்டால் கப்பல் மட்டும். மறுநாள் தளபதிகளிடம் போய், தவறாகச் சொல்லிவிட்டேன், கப்பலை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாம்பிலோஸ் வீட்டில் பார்த்ததை வெளியே மூச்சு விடவில்லை. கடைசிவரை முடிதிருத்துபவன் பாம்பிலோஸைத்தான் வள்ளல் என்றும் மெனெக்லிஸைக் கஞ்சன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்யாண வெள்ளி கயிறாயிற்று, துடுப்பாயிற்று, இருநூறு பேரின் வயிற்றில் பார்லிக் கஞ்சியாயிற்று. லிசில்லா அழுதாள். மெலித்தா அழவில்லை.

"கூடைய எடுத்து மேல வெச்சிடட்டுமாப்பா?"

"வெச்சிடு. கொஞ்ச நாளைக்கு."

அவள் கூடையைப் பரண் மேல் வைத்தாள். மெனெக்லிஸ் கடலுக்குப் போனார்.

எதிர்பாராத விதமாக அந்தக் கப்பல் நன்றாக ஓடியது. கருங்கடலிலிருந்து கோதுமை வரும் பாதையில், கிசிக்கோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பெரிய சண்டை. ஸ்பார்ட்டாவின் கப்பல் அத்தனையும் போயிற்று. பயத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே மெனெக்லிஸ் தன் கப்பலின் பின்பக்கத்தில் நின்றார். நின்றார் என்பதுதான் பிறகு பேசப்பட்டது. வீடு திரும்பும்போது தோள் கறுத்து, குரல் தடித்து, வேறு ஆளாகத் தெரிந்தார்.

அவர் பின்னாலேயே ஸ்பார்ட்டாவின் தூதர்களும் வந்தார்கள். சமாதானம் பேச. அவரவர் பிடித்திருக்கும் ஊர்களை அவரவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டெகெலியா கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போகிறோம், பதிலுக்கு எங்கள் மண்ணில் நீங்கள் வைத்திருக்கும் கோட்டையைக் காலி செய்யுங்கள் என்றார்கள்.

செய்தி கேட்ட அன்றே லிசில்லா பரணிலிருந்து கூடையை இறக்கித் தூசி தட்டினாள். கோட்டை போனால் நிலம் வரும். நிலத்தை அடகு வைத்தால் சீர் வரும். மெனெக்லிஸ் வெகுநாளுக்குப் பிறகு மாடிக்குப் போய் அந்தப் புகையைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சபை கூடிய நாள், கூட்டம் நடக்கும் குன்றின் மேல் பாம்பிலோஸ் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊதாப் போர்வை விற்றுப்போயிருந்தது.

"சம்பந்தி, சமாதானத்துக்குத் தலையாட்டிருங்க. உங்க நிலம் வந்துரும். பாதிச் சீர் போதும். அறுவடைக்குள்ள கல்யாணத்த முடிச்சுடலாம். ஹெகியாஸ் இன்னும் உங்க பொண்ணத்தான் சொல்லிக்கிட்டு இருக்கான்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார் மெனெக்லிஸ்.

மேடையில் பேச்சாளி ஏறினான். யாழ் செய்து விற்பவன், தொண்டை பெரிய தொண்டை. ஸ்பார்ட்டா கெஞ்சுகிறது என்றான். கெஞ்சுகிறவனிடம் பாதி வாங்குகிறவன் முட்டாள் என்றான். பிறகு கிசிக்கோஸில் கப்பல் நடத்தியவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றான். மெனெக்லிஸ் எழுந்தார். யாரோ அவர் தலையில் ஒலிவ இலை வளையத்தை வைத்தார்கள். குன்று முழுக்க ஆரவாரம். கஞ்சன் என்று சொன்ன முடிதிருத்துபவன்கூடக் கத்தினான்.

"இவங்க போட்ட பணம் எவ்வளவு! இவங்க வீட்டு வெள்ளி எவ்வளவு! அதெல்லாம் பாதில விட்டுட்டுப் போறதுக்கா?" என்றான் பேச்சாளி.

மெனெக்லிஸுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் போய் உட்கார்ந்தது. இன்றைக்குச் சமாதானம் என்றால் அந்த வெள்ளி போனது போனதுதான். இன்னும் ஒரே ஒரு வருடம் பொறுத்தால்? கோட்டை எப்படியும் விழும். ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டாமல் விட்ட தீவுகள் எல்லாம் கட்டும். பாதிச் சீர் எதற்கு, இரண்டு மடங்காகவே கொடுக்கலாமே. வாந்தி எடுத்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

போர் தொடரட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவிப்பாளன் கூவினான்.

மெனெக்லிஸின் கை மேலே போனது. சிசிலிக்குத் தூக்கிய அதே கை. தூக்கிய பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பாம்பிலோஸின் கையும் மேலேதான் இருந்தது. இருவர் கண்ணும் சந்தித்தன. அவரும் ஓடிப்போன சுரங்கத்து ஆட்களைக் கணக்குப் பார்த்திருப்பார். குன்றிலிருந்து இறங்கும்போது ஆளுக்கொரு பாதையில் இறங்கினார்கள்.

வீட்டு வாசலில் மெலித்தா நின்றிருந்தாள். அப்பாவின் தலையில் இருந்த இலை வளையத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சமாதானமாப்பா?"

"அந்தப் பேச்சாளிங்க விடலம்மா" என்றார் மெனெக்லிஸ். "பேசியே கெடுத்துட்டாங்க."

அவள் கதவோரம் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு பரணுக்குப் போனாள்.