எல்லை தாண்டாத லாரி

லாரி சேந்தனேந்தலுக்குள் நுழைந்தபோது பாண்டீஸ்வரி அம்மன் கோயில் வாசலில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். ஹாரன் காதைக் கிழித்தது. நிமிரவில்லை. வரட்டும். இந்த லாரிக்காகத்தானே காத்திருந்தாள்!

எண்பத்தெட்டாம் வருஷம். மெட்ராஸில் வெளிநாட்டு விமானங்களுக்கென்று புது நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்புக்குச் சாரம் கட்டிப் பூச்சு வேலை பார்த்தது சேந்தனேந்தல் ஆட்கள். கண்மாய் வறண்டதால் பாதி ஊர் அங்கேதான் கிடந்தது. போன மாசம் சாரத்தின் கட்டு அவிழ்ந்து, பாண்டீஸ்வரியின் புருஷன் சோணைமுத்து கீழே விழுந்தான். வலது கால் ஒடிந்தது.

காண்ட்ராக்ட் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ‘அவன் அன்னிக்கு வேலைக்கே வரல. குடிச்சுட்டு எங்கேயோ விழுந்திருக்கான்.’

விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆட்கள் மொத்தமும் திரும்பிவிட்டார்கள். கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியது. தகடு வைத்து ஆபரேஷன் செய்யாவிட்டால் காலை எடுக்கணும் என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஆட்களுக்கென்று மெட்ராஸில் ஆஸ்பத்திரி இருந்தது. வேலையில் விழுந்தான் என்று ஒத்துக்கொண்டால் சேர்ப்பார்கள். ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

லாரியிலிருந்து மேஸ்திரி சுப்புராஜ் குதித்தான். மல்லாங்கிணறில் குடியிருந்தாலும் இதே கோயில் பங்காளி.

“ஏலே, ஏறுங்கலே! தெறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. முகப்பு பாதியில நிக்குது. வேற ஊர்க்காரன் எவனும் அந்தச் சாரத்துல ஏற மாட்டேங்கான்!”

இரண்டு மூன்று பேர் பையைத் தூக்கினார்கள். அடுப்பு எரியாத வீடுகள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாண்டீஸ்வரி பூசாரி தவசியைப் பார்த்தாள். தவசி தயங்கினார். முந்தின நாளே கேட்டிருந்தார்: “மழையில்லாத வருஷத்துல எதுக்குத்தா பொங்கல்? ஆத்தா பேரச் சொல்லி ஆளை ஏமாத்தவா?”

“ஏமாத்தல மாமா. அவுக கால் பொழச்சா பொங்கல் வைக்கேன்னு நேந்துருக்கேன். நீங்க காப்பு மட்டும் கட்டுங்க.”

இப்போது அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, தவசி எழுந்தார். கொட்டு முழங்கியது. அம்மன் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டினார், தன் கையில் ஒன்று. பிறகு பாண்டீஸ்வரி நீட்ட, அவள் பின்னால் சனம் வரிசையாகக் கையை நீட்டியது. பை தூக்கியவர்களும் நீட்டினார்கள்.

சுப்புராஜின் முகம் வெளுத்தது. காப்புக் கட்டியாச்சு என்றால் பொங்கல் முடியும்வரை ஊரில் இருக்கிற பங்காளி எவனும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. மீறினவன் வீடு விளங்காது.

“எப்பப் பொங்கலு?” என்றான்.

“ஆத்தா உத்தரவு வரணுமுல்ல,” என்றார் தவசி.

“சரி, நான் போயிச் சொல்லிட்டு...”

“எங்க போறீக மேஸ்திரி?” பாண்டீஸ்வரி எழுந்து வழியில் நின்றாள். “போன பொங்கலுக்குப் பரிவட்டம் கட்டினது யாரு? நீங்களும் காப்புக்குள்ளதான்.”

“அடிப்பாவி! லாரியோட மடக்கிப்புட்டியே!”

“லாரிக்குக் காப்புக் கட்டல. ஓட்டத் தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா ஓட்டிட்டுப் போகட்டும்.”

கூட்டம் சிரித்தது. டிரைவர் செல்லப்பாண்டி ஒன்றும் தெரியாதவன் மாதிரி தன் மணிக்கட்டைக் காட்டினான். மஞ்சள் கயிறு!

சுப்புராஜ் நரிக்குடி வரை நடந்து போய் மெட்ராஸுக்குப் போன் போட்டான். இருட்டுமுன் ஓட்டமாய்த் திரும்பி வந்தான்.

மறுநாள் மத்தியானம் அம்பாசிடர் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. எஞ்சினியர் இறங்கினார்.

“என்னம்மா மூடநம்பிக்கை இது? உலகத்துல இருக்கிற ஏரோப்பிளேன் எல்லாம் வந்து எறங்கப்போற இடம்!”

“எறங்கட்டும் சார். யாரு வேணாங்கா? எங்க வீட்டுக்காரரு அங்க விழுந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டு ஆஸ்பத்திரியில சேருங்க.”

“ஆளை மாத்தி வேலையை முடிக்க எனக்குத் தெரியும்.”

“அப்ப எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் வந்தீக?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வெறித்துக் கிடந்த கருவேலங்காட்டைப் பார்த்தார். கடைசியில் முனகினார்.

“சரி... எங்க சாரத்துலதான் விழுந்தான்.”

“விழுந்தாரு. ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

“எங்க சாரத்துலதான் விழுந்தாரு! போதுமா? ஆளை ஏத்துங்க.” சட்டென்று அவர் உதட்டில் ஒரு சிரிப்பு. “ஆனா ஒண்ணு. அவரும் இந்த ஊர்தானே? அவர் மட்டும் எப்படி எல்லை தாண்டுவார்?”

கொட்டுக்காரன் கை நின்றது. தவசி தலையைக் குனிந்துகொண்டார்.

“அவுக காப்புக்கு முந்தின நாளே தாண்டியாச்சு,” என்றாள் பாண்டீஸ்வரி. “வீரசோழன்ல எங்க அண்ணன் வீட்டுல இருக்காக. அண்ணன் கூட வரும். அங்க போயி ஏத்திக்கங்க.”

“நீ வரலையா?”

தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் கத்தியின் கீழ் கிடக்கும்போது அவள் இங்கே கிடக்கணும். அதைத் தெரிந்தேதான் முதல் ஆளாகக் கையை நீட்டியிருந்தாள்.

“நான் வந்தா இவுகளும் வருவாக சார். தகடு வச்சாச்சுன்னு எங்க அண்ணன் வாயால போன் வரட்டும். அப்புறம் பொங்கல்.”

கார் போன புழுதி அடங்கும்வரை நின்றாள். அழவில்லை. அழுதால் கூட்டம் கலைந்துவிடும்.

போன் வர நாலு நாளாயிற்று. ஆபரேஷன் முடிந்தது, கால் தப்பியது. அன்றைக்கே தவசிக்கு உத்தரவும் வந்தது. பானை பொங்கியது. காப்பை அவிழ்த்ததும் ஆட்களோடு பாண்டீஸ்வரியும் லாரியில் ஏறினாள்.

மெட்ராஸில் லாரி நின்றதும் ஆட்கள் முகப்பை நோக்கி நடந்தார்கள். பாண்டீஸ்வரி குறுக்கே கையை நீட்டினாள்.

“யாரும் ஏறப்படாது. மொதல்ல இந்தச் சாரத்தை அவுங்க.”

“முழுசாவா? நேரம் இல்லம்மா!” என்று எஞ்சினியர் பதறினார்.

“அவுத்துக் கட்டுவோம். அதுவரைக்கும் ஏரோப்பிளேன் மேலயே சுத்தட்டும்.”

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் முடிச்சில் கை வைத்தாள்.