வெள்ளையாக விழுந்த சோறு

அது பனிக்காலமா வசந்தமா என்று ஃபரோக்குக்கு இன்று உறுதியில்லை. ரஷ்த் நகரில் எப்போதும் மழைதான்; அதை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. வசதியானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஆள் அவன். ஆனால் சோறு வெள்ளையாக விழுந்தது மட்டும் மறக்கவில்லை.

சட்டியடியில் பொன்னிறமாய் முறுகிப் பிடிக்கும் சோற்றுப் பொருக்குக்காகவே விருந்துக்கு வருகிற ஊர் அது. வீட்டு ரைஸ் குக்கரோ சில நாளாகப் பொருக்கைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. கடையில் கொடுக்கலாம் என்றாள் மனைவி மாஹ்ரோக். வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் கெய்வான் சாப்பிட வருகிறான். தங்கையைப் புத்தகப் புழுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்பவன். அந்த வாயை ஒருமுறையாவது அடைக்க வேண்டும் ஃபரோக்குக்கு.

"நானே சரி பண்றேன்" என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

பொருக்கின் முறுகலைக் கூட்டிக் குறைக்கும் குமிழையும் அடித்தட்டையும் கழற்றினான். சூடு அறியும் வில்லையில் படிந்த கரியைச் சுரண்டினான். திரும்ப மாட்டியபோது ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. தத்துவம் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தன் கைகளை மரியாதையோடு பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, சட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்க்கும் உரிமையையும் அவனே எடுத்துக்கொண்டான். பொன்னிறமாய் நிமிர்ந்து நிற்க வேண்டிய சோறு வெள்ளைவெளேரென்று சரிந்தது. விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் மாப்ள, பத்தியச் சோறு போடறீங்க? வீட்ல யாருக்காச்சும் வயித்தால போகுதா?" என்றான் கெய்வான்.

"அண்ணே, சும்மா இரு." மாஹ்ரோக் குனிந்து குக்கரைப் பார்த்தாள். "ஏங்க, குமிழைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. நான் நல்லா முறுகட்டும்னு திருப்புனா அது பொருக்கே பிடிக்காத பக்கம் போயிருக்கு."

பதில் இல்லாதபோது ஃபரோக்கின் முகம் ஆழ்ந்து சிந்திப்பதுபோல ஆகிவிடும். தெருவில் பாதிப் பேர் அதை அறிவு என்று நம்பினார்கள்.

அவள் சட்டியில் எண்ணெய் ஊற்றினாள், சோற்றை அள்ளிப் போட்டாள், குமிழைப் பிடுங்கிச் சரியாக மாட்டினாள்.

"பேசாம நிக்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே, நில்லுங்க. அடியில படபடன்னு கேட்டு அடங்குனதும் கூப்பிடுங்க."

காதைச் சாய்த்து நின்றான். கூடத்தில் சிரிப்பு, சட்டிக்குள் எண்ணெயின் முணுமுணுப்பு. எதையும் யோசிக்காமல் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசிக்கத் தொடங்கினான். அதற்குள் சத்தம் அடங்கியிருந்தது.

"மாஹ்ரோக்!"

ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் கொஞ்சம் கறுப்பு. கெய்வான் இரண்டையும் உடைத்து வாயில் அடைத்துக்கொண்டான். மொறுமொறுப்பைத் தவிர அவனிடமிருந்து வேறு சத்தமே இல்லை.

கெய்வான் பிறகு தூரத்து அஹ்வாஸ் நகருக்குக் குடிபோனான். வரும்போதெல்லாம் புழுவை விசாரிக்கிறான். குக்கர் இன்னும் உழைக்கிறது. திருப்புளியை மாஹ்ரோக் ஒளித்துவைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் ஃபரோக் குக்கர் பக்கத்தில் பேசாமல் நிற்கிறான்.