அண்ணனின் கீபோர்டு

துணியில் சுற்றிய கீபோர்டை என் மேசையில் வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "சனிக்கிழமை விழாவுல இதைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கறாங்க. அதுக்கு முன்னாடி மேடையில நான் என் பேரை அடிச்சுக் காட்டணுமாம். சரி பண்ணிக் குடு."

பெட்டியில் ஒட்டப்போகும் அட்டையையும் காட்டினார். 'மருத்துவச் சொல்லகராதி முழுவதையும் பேராசிரியர் இந்தக் கீபோர்டில்தான் தட்டச்சு செய்தார்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் அவர் சீட்டுகளில் கிறுக்கித் தள்ளினார். நாற்பதாயிரம் சொற்களையும் உட்கார்ந்து அடித்தவள் நான். முன்னுரையில் வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார், எனக்கு இல்லை. அன்றைக்கே கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தது என் முட்டாள்தனம்.

"இதுல அடிச்சது யாரு, அண்ணே?"

"ஆரம்பிச்சிட்டியா? யார் அடிச்சா என்ன, யோசிச்சது நான்தானே? அட்டை அச்சாகி வந்தாச்சு, விடு. மேல எதையும் மாத்தாதே. பழசாவே தெரியணும். உள்ள மட்டும் வேலை செஞ்சாப் போதும்."

பழைய கீபோர்டுகளைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. அவர் தலை மறைந்ததும் திருகுகளைக் கழற்றினேன். ஸ்பேஸ் பார் இடது பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நான் இடது கட்டைவிரலால்தான் தட்டுவேன். அண்ணனுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றுதான், அதுவும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி.

எழுத்து விசைகளுக்கு அடியில் பதினொரு சுவிட்சுகள் செத்திருந்தன. சில அமுக்கினால் மேலே வரவில்லை, சில ஒரு தட்டுக்கு மூன்று எழுத்தைத் துப்பின. இந்த வகை சுவிட்ச் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வலது ஓரத்து எண் விசைகளை நான் அதிகம் தொட்டதில்லை என்பதால் அவை புதிதுபோல இருந்தன. ஈயத்தை உருக்கி அங்கிருந்து சுவிட்சுகளை எடுத்து, எழுத்துகளுக்கு அடியில் பற்றவைத்தேன். கோபத்தில் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டேன். ஆனாலும் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஒவ்வொரு விசையும் டக்கென்று பேசியது.

விசைகளின் மேல் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. எல்லாம் என் விரல் பட்டு அழிந்தவை. எழுத்து அச்சிட்ட புது விசைமூடிகள் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தன. மேலே எதையும் மாற்றாதே என்றாரே, மாற்றவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணன் மாலையோடு கீபோர்டின் முன் உட்கார்ந்து விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அப்படியே நின்றது. ஒன்றைத் தட்டினார். பெரிய திரையில் அரைப்புள்ளி விழுந்தது. இன்னொன்றைத் தட்டினார், காற்புள்ளி. முன்வரிசையில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். யாரோ சிரித்தார்கள்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "ரிப்பேர் பண்ணது என் தங்கச்சிதான். சரியாப் பண்ணலை போல. ஏம்மா, இங்க வா, என்னன்னு பாரு."

அத்தனை பேர் முன்னால் என் வேலையைக் குறை சொன்னார். உடம்பெல்லாம் எரிந்தது. மேடையேறி, அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கீபோர்டைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தபடியே அகராதியின் முதல் சொல்லையும் அதன் விளக்கத்தையும் அடித்தேன். அடுத்த சொல்லை, அதற்கடுத்ததை. ஒரு பிழை இல்லை. அவற்றுக்குக் கீழே என் பெயரை அடித்தேன்.

அண்ணன் குனிந்து பல்லைக் கடித்தார். "என் பேரை அடிடி."

"அதை நீயே அடி," என்று எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.