வைரஸ் தைத்துவிட்டுப் போன தாள்

கல்லீரலில் ஏழாவது தெருவில் குடியிருந்தாள் செண்பகவல்லி. அவளும் கணவர் தணிகாசலமும் மட்டும்தான். ஓர் அறை வீடு. வாசல் வழியாகப் போகிற ரத்தத்தை வடிகட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை.

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு புத்தகம் உண்டு. தினமும் காலையில் அதில் ஒரு பக்கத்தை உரக்க வாசிப்பார்கள். அதில் போட்டிருப்பதைச் செய்வார்கள். யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்கச் சொல்லிப் புத்தகத்தில் இல்லை.

போன மாதம் ஒரு வைரஸ் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் சூட்கேஸ். சொந்த வீடு கிடையாது. உள்ளே வந்து உட்கார்ந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. மரியாதை என்ற பெயரில் அவர்கள் செய்துவந்த முட்டாள்தனம் அது. எதிர்வீட்டில் நாலு நாள், இவர்கள் வீட்டில் நாலு நாள் தங்கினார். கிளம்பும்போது இரண்டு புத்தகங்களிலும் ஒவ்வொரு தாளைத் தைத்துவிட்டுப் போனார். நேர்த்தியான தையல்.

தாளில் ஒரே வரி இருந்தது: ‘இன்னொரு வீடு கட்டவும்.’

எதிர்வீட்டு மாசிலாமணி கட்டினார். ஒவ்வொரு புது வீட்டிலும் ஒரு புது மாசிலாமணி இருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதினாறு பேர். ரத்தம் வடிகட்ட ஒருவருக்கும் நேரமில்லை. தெரு ஓர் ஆள் நுழைகிற சந்தாகிவிட்டது. செண்பகவல்லி போய் நியாயம் கேட்டாள். பதினாறு பேரும் செங்கல்லோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“புத்தகத்துல போட்டிருக்கு” என்றார் ஒன்பதாமவர்.

மறுநாள் தணிகாசலமும் தங்கள் புத்தகத்தில் அந்தத் தாளுக்கு வந்து சேர்ந்தார். வாசித்துவிட்டு மண் குழைக்கப் போனார்.

செண்பகவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகத்தோடு பழுதுபார்ப்பு ஆபீசுக்குப் போனாள். அவள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. அவளும் விடவில்லை. கடைசியில் தாழ்வாரம்தான் களைத்துப்போனது.

அதிகாரி ஒரு படிவம் நீட்டினார். ‘இருக்கிறீர்களா? ஆம் எனில் காரணம்?’ வேலை இருக்கிறது என்று எழுதினாள்.

அவர் வைரஸ் தைத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து அந்நியருடையது அல்ல, உங்கள் தெருப் புத்தகம் ஒன்றில் இருந்த தாள்தான். வைரஸின் முன்னோர் யாரோ எப்போதோ கிழித்து எடுத்துப் போயிருக்கிறார் என்றார். அடிப்பக்கம் கிழிந்திருந்தது.

“அங்கே ‘போதும், நிறுத்து’ன்னு இருந்திருக்கும்மா. அது போயிடுச்சு.”

தையலைப் பிரித்தால் புத்தகமே உதிர்ந்துவிடுமாம். வேண்டுமானால் வீட்டைக் கலைக்கலாம், அதில் இருக்கும் ஆட்களையும் சேர்த்து. அதற்கு இன்னொரு படிவத்தில் கணவர், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும். மாசிலாமணியிடமும் கேட்டாராம், பதினாறு பேருக்கும் கை ஒழியவில்லையாம். செண்பகவல்லி யோசிக்காமல் தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டில் இன்னும் ஒரே ஒரு கணவர்தான் இருந்தார். புதுச் சுவர் தலையைத் தாண்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ அவரைப் போலவே இருமினார்கள்.

“கல்லைக் கீழ வைங்க. போதும்.”

“புத்தகத்துல அப்படி இல்லையே, வல்லி.”

“இல்லதான். நான் சொல்றேன்.”

அவர் படிவத்தை நிதானமாக வாசித்தார். “அப்ப நாம?”

“நாம இருக்க மாட்டோம். தெரு இருக்கும்.”

கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கல்யாணமான நாளில்கூட அவள் அவரை அவ்வளவு நேசித்ததில்லை.

முதலில் புதுச் சுவரை இடித்தார்கள். இருமல் நின்றது. பிறகு ஓடு, கதவு, பாத்திரங்கள். பக்கத்து வீட்டு அன்னக்கிளி ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தாள். கடைசியில் தணிகாசலம் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்னக்கிளி இருவரையும் சேர்த்து மடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு ரத்தம் வடிகட்டுகிற நேரம்.